மெஷின் அப்புறம், ரூம் முதல்ல: ப்ரொஜெக்டர் மாட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலைகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வாக்குமூலம் மாதிரி இருக்கும். நாங்க பண்ண ஒரு தப்பைச் சொல்லிட்டு, அதுல இருந்து கத்துக்கிட்டதைச் சொல்லப் போறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடிப் படம் பார்க்குற எங்க குரூப் பத்தி முன்னாடியே பேசியிருக்கேன். முப்பது பேர் இருக்கோம். சென்னையில ஒரு நண்பனோட வீட்டு மொட்டை மாடியில ஷீட் போட்ட பெரிய ரூம் ஒண்ணு சும்மா கிடந்தது. முப்பது அடி நீளம், பதினெட்டு அடி அகலம். எல்லாரும் காசு போட்டு, ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு ப்ரொஃபஷனல் லேசர் ப்ரொஜெக்டர் வாங்கினோம். 5000 லூமென். வீட்டு ப்ரொஜெக்டர் இல்ல, காலேஜ் ஆடிட்டோரியத்துல மாட்டுவாங்களே, அந்த மாதிரி. எடை மட்டும் 17 கிலோ.

மே மாசம், மதியம் நாலு மணி. முதல் திரையிடலே எங்க தோழி ஒருத்தி எடுத்த குறும்படம். மூணு வருஷ உழைப்பு. அவங்க அம்மா மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாங்க. படம் ஓடுது, ஆனா திரையில எல்லாமே வெளிறிப் போய் சாம்பலா தெரியுது. இருபத்தஞ்சாவது நிமிஷம் மெஷின்ல சிவப்பு லைட் எரிஞ்சு, தானா ஆஃப் ஆயிடுச்சு. ரூம் முழுக்க அமைதி.

கீழே இறங்கும்போது அந்த அம்மா என்கிட்ட சொன்னாங்க: "படம் நல்லாத்தான்ப்பா இருந்துச்சு. யாரு முகம்னுதான் தெரியல."

அன்னைக்கு மெஷின் மேல எந்தத் தப்பும் இல்ல. ரூம் தயாரா இல்ல, அவ்வளவுதான். ஒரு ப்ரொஃபஷனல் ப்ரொஜெக்டருக்கு ரூமை எப்படித் தயார் பண்றதுன்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம். உங்க காலேஜ், ஆபீஸ், அப்பார்ட்மென்ட் ஹால், எதுக்கு வேணாலும் இது பொருந்தும்.

வெளிச்சம்: இருட்டுதான் மலிவான லூமென்

ப்ரொஜெக்டரால கருப்பு நிறத்தைத் திரையில போட முடியாது. வெளிச்சத்தை மட்டும்தான் அனுப்ப முடியும். கருப்புன்னு நாம பார்க்குறது ப்ரொஜெக்டர் வெளிச்சம் விழாத இடம். அந்த இடத்துல ஜன்னல் வெளிச்சம் விழுந்தா, அதுதான் உங்க "கருப்பு". அதனாலதான் எல்லாம் சாம்பலா தெரியுது.

இதைக் கணக்காவே பார்க்கலாம். பயப்படாதீங்க, எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

எங்க திரை 3 மீட்டர் அகலம், 1.69 மீட்டர் உயரம். பரப்பளவு சுமார் 5 சதுர மீட்டர். 5000 லூமெனை அந்தப் பரப்பால வகுத்தா, திரையில சுமார் 990 லக்ஸ் விழும். லக்ஸ்ங்கிறது ஒரு சதுர மீட்டர்ல விழுற வெளிச்சத்தோட அளவு. போன்ல இருக்குற லக்ஸ் மீட்டர் ஆப் வெச்சே தோராயமா அளக்கலாம்.

மெஷினை ஆஃப் பண்ணிட்டு, நாலு மணி வெயில்ல திரைகிட்ட அளந்தோம். 250 லக்ஸ். அப்போ வெள்ளைன்னா 990 கூட்டல் 250, அதாவது 1240. கருப்புன்னா 250. வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம் வெறும் 5க்கு 1.

இதுக்கு ஆடியோ-வீடியோ துறையில 2011ல வந்த ஒரு தரநிர்ணயம் இருக்கு. சும்மா பார்த்துட்டுப் போற ஸ்லைடுக்கே குறைஞ்சது 7க்கு 1 வேணும். படிச்சு முடிவெடுக்க வேண்டிய விஷயம்னா 15க்கு 1. நுணுக்கமான படங்களைப் பார்த்து ஆராயறதுக்கு 50க்கு 1. சினிமா மாதிரி வீடியோவுக்கு 80க்கு 1. நாங்க மூணு வருஷ உழைப்பை 5க்கு 1ல போட்டுக் காட்டியிருக்கோம்!

"சரி, இன்னும் பவர்ஃபுல் மெஷின் வாங்கலாமே"ன்னு எங்க குரூப்லயே ஒருத்தன் சொன்னான். அதையும் கணக்குப் போட்டோம். 10,000 லூமென் வாங்கினாலும் 9க்கு 1தான் வரும். அதே 250 லக்ஸ் வெளிச்சத்துல 80க்கு 1 வேணும்னா, சுமார் ஒரு லட்சம் லூமென் வேணும். அந்தப் பக்கமே நாம போக முடியாது.

இப்போ திருப்பிப் போடுங்க. மெஷின் அதே 5000 லூமென். ரூம் வெளிச்சத்தை 250ல இருந்து 12 லக்ஸுக்குக் கொண்டு வந்தா 80க்கு 1 கிட்டத்தட்ட வந்துடும். அதுக்குத் தேவை துணியும் பெயிண்ட்டும்தான். இன்னொண்ணு சொல்றேன். டிஜிட்டல் சினிமா தியேட்டர்ல திரையோட வெள்ளைக்கு வெச்சிருக்குற தர அளவு, சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. முழு இருட்டுல, சாதாரண மேட் வெள்ளைத் திரையில அந்த அளவை எங்க பத்தடித் திரைக்குக் கொண்டு வர சுமார் 760 லூமென் போதும். தியேட்டர் படம் அவ்வளவு நல்லா தெரியுறதுக்கு அந்த இருட்டும் ஒரு முக்கியக் காரணம்.

நாங்க செஞ்சது இதுதான். மூணு ஜன்னலுக்கும் வெளிச்சம் ஊடுருவாத பிளாக்அவுட் துணி. ஜன்னல் அளவுக்கே தைக்காம, ரெண்டு பக்கமும் அரை அடி கூடுதலா விட்டோம், ஏன்னா ஓரத்துலதான் வெளிச்சம் கசியும். கர்ட்டன் கம்பிக்கு மேல ஒரு பலகை அடிச்சு மூடினோம். கதவுக்கு உள்பக்கம் இன்னொரு திரை. திரைக்குப் பக்கத்துல இருக்குற சுவர், சீலிங் ரெண்டையும் முதல் ஆறடிக்கு அடர் சாம்பல் மேட் பெயிண்ட் அடிச்சோம். வெள்ளைச் சுவர்னா, திரையில பட்ட வெளிச்சமே சுவர்ல மோதித் திரும்பத் திரைக்கு வரும். ஜன்னலை எவ்வளவு மூடினாலும் படம் வெளிறும்.

ஒரு எச்சரிக்கை. இருட்டு பண்றேன்னு வெளியேறுற வழியையும் படிக்கட்டையும் மறைச்சுடாதீங்க. வாசல்ல கீழ்நோக்கி எரியுற ஒரு சின்ன எல்இடி கண்டிப்பா இருக்கணும். கதவு உள்ளிருந்து ஒரே தள்ளுல திறக்கணும்.

தூரம்: மாட்டுற இடத்தை லென்ஸ்தான் முடிவு பண்ணும்

நாங்க முதல்ல பண்ண வேலை என்ன தெரியுமா? பின்சுவர்ல, வசதியா இருக்கேன்னு பிராக்கெட் அடிச்சோம். ஆன் பண்ணா, படம் திரையைத் தாண்டி ரெண்டு பக்கச் சுவர்லயும் விழுது.

ஒவ்வொரு லென்ஸுக்கும் த்ரோ ரேஷியோன்னு ஒரு எண் இருக்கும். திரைக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தைப் படத்தோட அகலத்தால வகுத்தா வர்ற எண். எங்க லென்ஸுக்கு அது 1.4 முதல் 2.2 வரைக்கும். மூணு மீட்டர் அகலத் திரைன்னா, மெஷின் 4.2 மீட்டருக்கும் 6.6 மீட்டருக்கும் நடுவுலதான் இருக்கணும். நாங்க மாட்டினது எட்டரை மீட்டர் தூரத்துல. அங்கிருந்து வரக்கூடிய மிகச் சின்னப் படமே 3.86 மீட்டர் அகலம். எந்த பட்டனை அமுக்கினாலும் அது சுருங்காது.

அதனால வரிசை இப்படி இருக்கணும்: முதல்ல கடைசி வரிசை எங்கன்னு பாருங்க, அதுக்கேத்த திரை அளவை முடிவு பண்ணுங்க, அப்புறம் லென்ஸோட எண்ணை வெச்சுத் தூரத்தைக் கணக்குப் போடுங்க, கடைசியாதான் துளை போடணும்.

ஆறு மீட்டருக்கு மாத்தினோம். அடுத்த பிரச்சனை, நம்ம ஊர் ஸ்பெஷல்: சீலிங் ஃபேன். ஒளி போற பாதையில ஃபேன் இறக்கை குறுக்கே வந்தது. ஹீரோ முகத்துல நிழல் சுத்திக்கிட்டே இருந்தது. இதைத் துளை போடுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம். லென்ஸ் வரப்போற இடத்துல இருந்து திரையோட நாலு மூலைக்கும் நூல் கட்டிப் பாருங்க. அந்த நாலு நூலுக்குள்ள ஃபேன், டியூப்லைட், பீம், எழுந்து நிக்குற ஆளோட தலை, எதுவும் வரக்கூடாது. தலை வரக்கூடாதுங்கிறது நிழலுக்காக மட்டும் இல்ல. இந்த மாதிரி பிரகாசமான லேசர் மெஷினோட லென்ஸைப் பக்கத்துல நின்னு நேராப் பார்க்குறது கண்ணுக்கு ஆபத்து. குழந்தைங்க வர்ற இடம்னா ஒளி எல்லார் தலைக்கும் மேலதான் போகணும்.

இன்னொரு விஷயம், கீஸ்டோன். மெஷினைச் சாய்ச்சு வெச்சா படம் சதுரமா இல்லாம, ஒரு பக்கம் அகலமா விழும். ரிமோட்ல கீஸ்டோன் போட்டா நேராயிடும், உண்மைதான். ஆனா அது படத்தோட ஓரத்துல இருக்குற பிக்சல்களைப் பயன்படுத்தாம விட்டு, மிச்சத்துல படத்தை நசுக்கிக் காட்டுது. எழுத்து மங்கும். ப்ரொஃபஷனல் மெஷின்ல பெரும்பாலும் லென்ஸ் ஷிஃப்ட் இருக்கும். மெஷினைச் சாய்க்காம லென்ஸை மட்டும் மேலயும் கீழயும் நகர்த்துறது. அதுல தரம் போகாது. மெஷின் தரைக்குச் சமமா, திரைக்கு நேரா நிக்கட்டும். மிச்சத்தை லென்ஸ் ஷிஃப்ட்ல சரி பண்ணுங்க.

தொங்க விடுறது: ஃபால்ஸ் சீலிங்கை நம்பாதீங்க

17 கிலோ, முப்பது பேர் தலைக்கு மேல. இதுல விளையாட்டே கூடாது.

ஃபால்ஸ் சீலிங்ல இருக்குற ஜிப்சம் போர்டும் அதைத் தாங்குற மெல்லிய சேனலும் தன்னோட எடையைத் தாங்கத்தான் செஞ்சது. கான்கிரீட் தளம்னா ஆங்கர் போல்ட் அடிச்சு, பைப்பை ஃபால்ஸ் சீலிங் வழியா கீழே இறக்கணும். எங்களுக்குத் தளமே இல்ல, ஷீட் கூரை. ஃபேப்ரிகேஷன் பண்ற அண்ணன் ஒருத்தர் வந்து, ரெண்டு இரும்பு டிரஸ்ஸுக்கு நடுவுல ஒரு சேனல் போட்டு வெல்டிங் பண்ணி, அதுல இருந்து பைப் இறக்கினார்.

தலைக்கு மேல தொங்குற எதுவும் தன் எடையைப் போல அஞ்சு மடங்கு தாங்கணும்ங்கிறது பரவலா கடைப்பிடிக்கிற விதி. 17ஐ அஞ்சால பெருக்கினா 85 கிலோ. அண்ணன் 25 கிலோ அரிசி மூட்டை நாலைக் கட்டித் தொங்க விட்டு, "ராத்திரி முழுக்க இருக்கட்டும் தம்பி, காலையில பார்ப்போம்"னார். காலையில ஒரு மில்லிமீட்டர் கூட இறங்கல. அதுக்கப்புறம்தான் மெஷின் மேல ஏறிச்சு. கூடவே தனியா ஒரு ஸ்டீல் ஒயர், பிராக்கெட் கழண்டாலும் மெஷின் கீழே விழாம பிடிச்சுக்க.

அதிர்வையும் கவனிங்க. ஆறு மீட்டர் தூரத்துல, மெஷின் ஒரு டிகிரியில பத்துல ஒரு பங்கு அசைஞ்சா, படம் ஒரு சென்டிமீட்டர் நகரும். எங்க திரையில ஒரு பிக்சல் ஒன்றரை மில்லிமீட்டர்தான், அப்போ ஆறேழு பிக்சல் ஆட்டம். ஃபேன் தொங்குற அதே கம்பியில ப்ரொஜெக்டரைத் தொங்க விட்டா, எழுத்தெல்லாம் நடுங்கும்.

சூடு, தூசி, ஈரம்

அந்தச் சிவப்பு லைட்டுக்கு வருவோம். எங்க மெஷினோட மேனுவல்ல, சுத்தி இருக்குற காத்து 40 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கு. அடுத்த நாள் அதே நாலு மணிக்கு, மெஷின் தொங்குற உயரத்துல தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தோம். 46. கீழே உட்கார்ந்தவங்களுக்கு ஏசி காத்து ஜில்லுன்னு வந்தது. சூடான காத்து மேல ஏறும், குளிர்ந்த காத்து கீழே தங்கும். மெஷின் இருந்தது மேலே, கொதிக்கிற ஷீட்டுக்கு ரெண்டடி கீழே. அது தன்னைக் காப்பாத்திக்கத்தான் ஆஃப் ஆச்சு.

ஏசிக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேத்தும். சும்மா உட்கார்ந்திருக்குற ஒரு ஆள் சுமார் 100 வாட் சூடு விடுவார். முப்பது பேருன்னா 3 கிலோவாட். ப்ரொஜெக்டர் இழுக்குற 400 வாட்டும் கடைசியில சூடாத்தான் மாறும். இதுலயே ஒரு டன் தீர்ந்துடுச்சு. கூரைச் சூடு இன்னும் கணக்குலயே வரல. எங்ககிட்ட இருந்தது ஒன்றரை டன். நாங்க ஷீட்டுக்கு வெளியே வெள்ளை நிற வெப்பத்தடுப்பு பெயிண்ட் அடிச்சு, உள்ளே இன்சுலேஷன் ஷீட் ஒட்டினோம். மேல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டோம். மெஷினையும் ரெண்டடி கீழே இறக்கினோம்.

மெஷினோட காத்து உள்ளே போற பக்கமும் வெளியே வர்ற பக்கமும் எதுன்னு பார்த்து, மேனுவல் சொல்ற இடைவெளி விடுங்க. அழகுக்காகப் பெட்டி கட்டி மூடுனா, தான் விட்ட சூட்டையே அது திரும்ப இழுக்கும். ஏசி யூனிட்டுக்கு நேர் கீழேயும் மாட்டாதீங்க. வடிகுழாய் அடைச்சா தண்ணி நேரா மெஷின் மேலதான் சொட்டும்.

தூசிக்கு ஒரே விதி: பெயிண்ட், கார்பென்டர் வேலை, சுவர் துளைக்குறது எல்லாம் முடிஞ்சு, ரூமை ரெண்டு தடவை துடைச்ச பிறகுதான் மெஷின் பெட்டியைப் பிரிக்கணும். பெயிண்ட்டுக்குத் தேய்க்கிற பட்டித் தூள் ஃபில்டரைச் சீக்கிரம் அடைச்சுடும். புது இடத்துக்குப் பூஜை போடுறீங்களா? போடுங்க. ஆனா சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் மெஷினுக்குள்ள போய்ப் படியும். பூஜையை முதல்ல முடிச்சுட்டு மெஷினை அப்புறம் மாட்டலாம்.

ஈரம் கடற்கரை ஊர்க்காரங்களுக்கு. நிறைய மெஷின்களுக்கு 80 சதவீத ஈரப்பதம்தான் எல்லை. சென்னையில அதைத் தாண்டுற ராத்திரிகள் நிறைய. மாசக்கணக்குல மூடியே வெச்சா லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கலாம். நாங்க வாரம் ஒரு தடவையாவது ஏசி போட்டு, அரை மணி நேரம் மெஷினை ஓட விடுறோம்.

கரண்ட்: எலக்ட்ரீஷியன் அண்ணா திட்டின இடம்

எங்க மாடிக்குக் கரண்ட் எப்படி வந்தது? கீழ் வீட்டு ப்ளக்ல இருந்து இழுத்த ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதுலயே ஏசி, அதுலயே ப்ரொஜெக்டர். எலக்ட்ரீஷியன் அண்ணா பார்த்துட்டு முதல்ல கேட்டது, "இதுல எர்த் எங்க தம்பி?" இல்ல. மூணு முள் ப்ளக்ல மூணாவது முள் எதோடவும் சேரல.

அவர் செஞ்சது: மெயின் போர்டுல இருந்து ப்ரொஜெக்டருக்குத் தனி லைன், தனி எம்சிபி. ஏசிக்கு வேற லைன். கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு நொடி இறங்கும், அது ப்ரொஜெக்டரைத் தொடக்கூடாது. சரியான எர்த்திங். இடி மின்னலுக்கு ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர். அப்புறம் ஒரு 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ். ப்ரொஜெக்டர் 400 வாட், லேப்டாப் கூடச் சேர்த்தாலும் தாராளமா தாங்கும். உங்க மெஷின் பழைய லேம்ப் வகைன்னா யூபிஎஸ் இன்னும் முக்கியம். கரண்ட் போன உடனே ஃபேனும் நின்னுட்டா, சூடான லேம்ப் ஆறாமலே கிடக்கும், ஆயுசு குறையும்.

ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"ன்னு ஒரு ரீங்காரம் வந்தா, பெரும்பாலும் ஸ்பீக்கரும் ப்ரொஜெக்டரும் வேற வேற இடத்துல எர்த் ஆகியிருக்கும். ரெண்டையும் ஒரே லைன்ல கொடுத்துப் பாருங்க. எர்த் முள்ளை உடைச்சா சத்தம் நிக்கும்னு யாராவது சொன்னா, தயவுசெஞ்சு கேட்காதீங்க. அது உயிரோட விளையாடுறது.

கேபிள்: சுவரை மூடுறதுக்கு முன்னாடி

இது சின்ன விஷயம், ஆனா அப்புறம் திருத்த முடியாது. சாதாரண காப்பர் எச்டிஎம்ஐ கேபிள்ல 4கே படம் அஞ்சாறு மீட்டருக்கு மேல போனா நம்ப முடியாது. படம் விட்டு விட்டு வரும். அதுக்கு மேல தூரம்னா ஃபைபர் எச்டிஎம்ஐ, இல்லேன்னா கேட்-6 கேபிள்ல சிக்னலை அனுப்புற எச்டிபேஸ்டி பெட்டிகள். ஃபைபர் கேபிளுக்கு ஒரு முனை ப்ளேயருக்கு, மறுமுனை ப்ரொஜெக்டருக்குன்னு திசை உண்டு. மாத்தி இழுத்துட்டா படமே வராது. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினா, கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்க.

பைப் ரெண்டு இஞ்ச் போடுங்க. கேபிள் ஒல்லியாத்தான் இருக்கும், ஆனா அதோட தலை நுழையணுமே! உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டு வைங்க, நாளைக்கு வேற கேபிள் இழுக்க. கரண்ட் ஒயரை அதே பைப்ல விடாதீங்க.

கடைசியா

துணி, பெயிண்ட், இன்சுலேஷன், இரும்பு வேலை, ஒயரிங், யூபிஎஸ் எல்லாம் சேர்த்து மெஷின் விலையில பாதிக்கு மேல ஆச்சு. வலிச்சது. உங்ககிட்ட ஒரு பட்ஜெட் இருந்தா, மொத்தத்தையும் மெஷின்ல கொட்டாதீங்க. மூணுல ஒரு பங்கை ரூமுக்கு எடுத்து வைங்க. தேவைப்பட்டா லூமென்ல ஒரு படி குறைச்சுக்கோங்க.

ஆகஸ்ட்ல அதே குறும்படத்தைத் திரும்பப் போட்டோம். அதே நாலு மணி. திரைகிட்ட 10 லக்ஸ். மெஷின் பக்கத்துல 33 டிகிரி. அந்த அம்மா திரும்பவும் வந்தாங்க. படம் முழுசா ஓடுச்சு. முடிஞ்சதும் ப்ரொஜெக்டரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. மகளைக் கூப்பிட்டு, "அந்தக் கடைசி சீன்ல அவன் எதுக்குடி அழுதான்?"னு கேட்டாங்க. ரெண்டு பேரும் மாடிப்படியில உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாங்க.

உங்க ஹாலோட நீள அகலமும், மதியம் திரைகிட்ட எடுத்த லக்ஸ் அளவும் அனுப்புங்க. சேர்ந்து கணக்குப் போடலாம். அடுத்த எபிசோட்ல அதே ரூமுக்கு ஸ்பீக்கர் வெச்ச கதை. அதுலயும் சொதப்பினோம்.